வயதானவர்கள் இல்லாத ஊரில் ஒரு டாக்டரைத் தேடி

பர் துபாய் அப்ரா நிலையத்தில் படிக்கும் படகுக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி இருக்கும். கீழே க்ரீக் தண்ணீர் ஆடிக்கொண்டிருக்கும். அந்த ஒரு சாணுக்கு முன்னால் அம்மா நின்றுவிட்டாள்.

கூட வந்தவர்கள் எல்லாரும் ஏறி உட்கார்ந்தாயிற்று. படகுக்காரர் கையை நீட்டி "ஆவோ அம்மா, ஆவோ" என்கிறார். அம்மாவின் வலது கால் எழும்பவில்லை. தூக்கணும் என்று அவள் நினைப்பது முகத்தில் தெரிகிறது, கால் கேட்கவில்லை. என் ஒன்பது வயது மகன் படகிலிருந்து "ஜம்ப் பண்ணுங்க பாட்டி!" என்று கத்தினான். அம்மா சிரிக்கப் பார்த்தாள். அந்தச் சிரிப்பும் பாதியில் நின்றது. கடைசியில் நானும் என் கணவரும் இரண்டு பக்கமும் பிடித்து அவளைப் பின்னால் இழுத்து பெஞ்சில் உட்கார வைத்தோம். அப்ரா போய்விட்டது.

இதே அம்மாதான் 1990-களில் ஒரு கையில் என்னையும் மறு கையில் தம்பியையும் பிடித்துக்கொண்டு, மீனா பஜாரில் வாங்கிய துணிப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, தேரா போகும் அப்ராவில் தாவி ஏறியவள். நாங்கள் அப்போது அபுதாபியில் இருந்தோம். துபாய் என்றால் எங்களுக்கு வெள்ளிக்கிழமைச் சுற்றுலா. (வெள்ளிக்கிழமைதான் லீவு. சனி, ஞாயிறு என்று ஆனது 2022-ல்.) அப்ராவில் ஏறும்போது பயந்து அழுதது நான். "இதுக்கா அழுவே, தாண்டுடி" என்றது அம்மா.

எங்கள் கதை உங்களில் பலருடைய கதைதான். அப்பா 1979-ல் அபுதாபி வந்தார், ஒரு கட்டடக் கம்பெனியில் கணக்கு வேலை. மூன்று வருடம் கழித்து அம்மா வந்தாள். நான் 1984-ல் கார்னிஷ் ஹாஸ்பிட்டலில் பிறந்தேன். 1977-ல் திறந்த பிரசவ ஆஸ்பத்திரி அது. என் வயதுக்காரர்களில் "நீ எங்கே பொறந்தே?" என்று கேட்டால் பாதிப் பேர் அந்தப் பெயரைத்தான் சொல்வார்கள். 2006-ல் அப்பாவுக்கு 60 வயது. கம்பெனி கணக்கு முடித்தது, விசா கேன்சல் ஆனது, இரண்டு கார்கோ பெட்டிகளோடு அப்பாவும் அம்மாவும் கும்பகோணம் போனார்கள். அப்பா 2017-ல் போய்விட்டார். நான் கல்யாணம், வேலை என்று மறுபடி இங்கேயே வந்து, இப்போது ஷார்ஜா அல் நஹ்தாவில் இருக்கிறேன்.

வளைகுடாவில் வளர்ந்தவர்களுக்கு ஒரு விஷயம் வித்தியாசமாகவே படாது. இங்கே நம் ஆட்களில் வயதானவர்களைப் பார்ப்பது அரிது. வேலை விசா முடிந்தால் ஊருக்குப் போயாக வேண்டும் என்பதால், 60 தாண்டியவர்கள் விமானம் ஏறிவிடுவார்கள். மாலையில் பார்க்கில் தாத்தா பாட்டிகளைப் பார்க்கலாம், ஆனால் அநேகமாக எல்லாரும் விசிட் விசாவில் வந்தவர்கள், திரும்பப் போகும் தேதியைச் சொல்லிக்கொண்டே நடப்பவர்கள். நான் சின்னவளாக இருந்தபோது எங்கள் பில்டிங்கில் ஒரு பாட்டிகூட இல்லை. பிரசவத்துக்கு என்று ஒரு முழு ஆஸ்பத்திரி இருந்தது. ஒவ்வொரு தெருவிலும் குழந்தை மருத்துவர் இருந்தார். வயதானவர்களுக்கு என்று ஒரு டாக்டர் ஏன் இல்லை என்று யாரும் கேட்டதில்லை. கேட்க வேண்டிய ஆட்களே இல்லையே.

அம்மா 2024 நவம்பரில் வந்தாள். வயது 72. அறுபது நாள் விசா. விமான நிலையத்தில் வீல் சேரில் தள்ளிக்கொண்டு வந்தார்கள். "எல்லா அம்மாக்களும் வீல் சேர்லதானே வர்றாங்க" என்று நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வீட்டுக்கு வந்த பிறகுதான் கவனித்தேன். காலைத் தேய்த்துத் தேய்த்து நடக்கிறாள். சேரிலிருந்து எழ இரண்டு மூன்று முறை முயற்சி செய்கிறாள். குரல் மெலிந்திருக்கிறது. முகத்தில் ஏதோ ஒன்று குறைகிறது. என் மகள்தான் சொன்னாள்: "பாட்டி எப்பவும் கோவமா இருக்காங்களாம்மா?" கோபம் இல்லை. முகம் அசையவில்லை.

போனில் வாரம் நான்கு முறை பேசுகிறேன், வீடியோவில் பார்க்கிறேன். ஆனால் வீடியோவில் நடை தெரிவதில்லை.

அப்ரா சம்பவத்துக்குப் பிறகு ஆரம்பித்தது டாக்டர் ஊர்வலம். முதலில் பக்கத்து கிளினிக். பிறகு காது மூக்கு தொண்டை, ஏனென்றால் அம்மா "கிறுகிறுன்னு வருது" என்றாள். பிறகு எலும்பு டாக்டர், முழங்கால் எக்ஸ்ரே. கடைசியாக நரம்பு டாக்டர். மூன்று வாரத்தில் நான்கு பேர். நாங்கள் வாங்கியிருந்த பயண இன்ஷூரன்ஸ் அவசர சிகிச்சைக்கு மட்டும்தான், எனவே எல்லாமே கைக்காசு. ஒவ்வொருவரும் தங்களிடம் வந்த பாகத்தைச் சரியாகத்தான் பார்த்தார்கள், அதை மறுக்கவில்லை. ஆனால் ஒவ்வொரு கதவிலிருந்தும் ஒரு புது மாத்திரையோடு வெளியே வந்தோம். நரம்பு டாக்டர் பார்க்கின்சன் என்று சொல்லி அதற்கும் மாத்திரை எழுதினார். ஏழு நிமிடம். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாவிடம் அவர் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை, எல்லாம் என்னிடம்தான். வெளியே வந்து காரில் உட்கார்ந்ததும் அம்மா, "எனக்கு என்னவாம்?" என்றாள். நான் ஏசியைக் கூட்டினேன்.

அன்று ராத்திரி தோஹாவில் இருக்கும் பள்ளித்தோழியிடம் அழுதேன். அவள் மாமியார் இரண்டு வருடம் முன்பு இதே மாதிரி அலைந்தவர். "பிள்ளைங்களுக்கு பீடியாட்ரிஷியன் இருக்கிற மாதிரி வயசானவங்களுக்கு ஜீரியாட்ரிஷியன்னு இருக்காங்கடி. அவங்களைப் பாரு, ஒவ்வொரு உறுப்பா பார்க்காதே" என்றாள். கத்தாரில் ருமைலா மருத்துவமனையில் முதியோர் பிரிவு தனியாகவே உண்டு. 1957-ல் திறந்த, அந்த நாட்டின் பழைய ஆஸ்பத்திரி அது. அவள் மாமியாரை அங்கேதான் பார்த்தார்களாம்.

நான் இங்கே தேட உட்கார்ந்தேன். மருத்துவமனை ஆப்களில் 'ஜீரியாட்ரிக்' என்று அடித்தால் 'பேரியாட்ரிக்' வேண்டுமா என்று கேட்டது. அது எடை குறைக்கும் அறுவை சிகிச்சை. ஊருக்குத் தேவையானது எது என்று ஆப்புக்குத் தெரிந்திருக்கிறது.

பிறகு ஒரு விஷயம் புரிந்தது. ஆஸ்பத்திரி விளம்பரத்தை விட்டுவிட்டு, உரிமம் தரும் இடத்தில் தேடணும். துபாய் என்றால் துபாய் சுகாதார ஆணையம், அபுதாபிக்கு அங்குள்ள சுகாதாரத் துறை, ஷார்ஜாவும் வடக்கு எமிரேட்டுகளும் மத்திய சுகாதார அமைச்சகம். ஒரு டாக்டர் எந்தத் துறைக்கு உரிமம் வாங்கியிருக்கிறார், அவர் ஜி.பி.யா, ஸ்பெஷலிஸ்டா, கன்சல்டன்ட்டா என்பதைத் தீர்மானிப்பது இவர்கள்தான், ஆஸ்பத்திரி போர்டு அல்ல. அங்கே தேடியபோது கிடைத்த பெயர்கள் ஒரு கையில் அடங்கின. ஒருவர் வேறு நாட்டுக்குப் போய்விட்டார். ஒருவர் வீட்டுக்கே வந்து பார்க்கும் சேவையில் இருந்தார், புது நோயாளிகளை எடுக்கவில்லை. இன்னொரு இடம் குடிமக்களுக்கு மட்டும். இதில் எனக்கு வருத்தம் இல்லை. 2018-லிருந்து இந்த அரசு தன் முதியவர்களை 'கிபார் அல் முவாத்தினீன்', அதாவது மூத்த குடிமக்கள் என்று மரியாதையாக அழைத்து, அவர்களுக்காகத் தனிச் சட்டமும் 2019-ல் கொண்டுவந்தது. குடும்பத்தில் முதியவர்களை வைத்துப் பார்க்கும் ஊர்தான் இது. நம்முடைய முதியவர்கள்தான் இங்கே கணக்கில் வருவதில்லை. 2020-ல் துபாய் 55 வயது தாண்டிய வெளிநாட்டவருக்கு ஓய்வுக்கால விசா அறிவித்தது. ஆரம்பத்தில் கேட்டது மாதம் 20,000 திர்ஹம் வருமானம், அல்லது 10 லட்சம் திர்ஹம் சேமிப்பு, அல்லது 20 லட்சத்துக்குச் சொத்து. அப்பா இருந்திருந்தால் அந்தச் செய்தியைப் படித்துவிட்டுப் பேப்பரை மடித்து வைத்திருப்பார்.

தேடிக்கொண்டிருந்த ராத்திரிகளில்தான் இந்தத் துறையைப் பற்றி நிறையப் படித்தேன். ஜீரியாட்ரிக்ஸ் என்ற சொல்லை 1909-ல் உருவாக்கியவர் நியூயார்க்கில் இருந்த இக்னாட்ஸ் நாஷர். அதை ஒரு மருத்துவமாக நடத்திக் காட்டியவர் லண்டனில் மார்ஜரி வாரன் என்ற பெண் டாக்டர். 1935-ல் அவருடைய வெஸ்ட் மிடில்செக்ஸ் ஆஸ்பத்திரி பக்கத்திலிருந்த ஏழைகள் விடுதியின் நோயாளிகளை ஏற்றுக்கொண்டது. எழுநூறு பேருக்கு மேல். இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்று படுக்கையில் போடப்பட்டவர்கள். வாரன் ஒவ்வொருவரையும் தனித்தனியாகப் பரிசோதித்து, எழுப்பி நடக்கவைத்து, பலரை வீட்டுக்கு அனுப்பினார். படுக்கையில் கிடப்பது முதுமையால் அல்ல, யாரும் சரியாகப் பார்க்காததால் என்பதுதான் அவர் கண்டது.

நான் ஷார்ஜாவில் உட்கார்ந்து தேடுகிறேன். இந்தியாவில் இந்தத் துறைக்கு வழிபோட்ட இடமோ சென்னை. பிரிட்டனில் பயிற்சி பெற்று வந்த டாக்டர் வ.செ. நடராசன் 1978-ல் சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் முதியோருக்கான புறநோயாளிப் பிரிவைத் தொடங்கினார். நாட்டின் முதல் முதியோர் மருத்துவப் பேராசிரியர் அவர்தான், 2012-ல் பத்மஸ்ரீ. முதியோர் மருத்துவத்துக்கான எம்.டி. படிப்பும் 1996-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில்தான் வந்தது. கும்பகோணத்திலிருந்து ரயிலில் ஒரு ராத்திரிப் பயணம். அப்பா இருந்தபோதும் சரி, போன பிறகும் சரி, எங்களில் ஒருவருக்கும் இது தோன்றவில்லை. சர்க்கரைக்கு ஒருவர், பிரஷருக்கு ஒருவர், காலுக்கு ஒருவர் என்று கும்பேஸ்வரர் கோயில் பிராகாரம் சுற்றுவதுபோல் சுற்றிக்கொண்டிருந்தோம்.

ஒன்பது நாள் கழித்து அபுதாபியில் ஓர் அப்பாயின்ட்மென்ட் கிடைத்தது, யாரோ ரத்து செய்த இடம். சூடான் நாட்டுப் பெண் டாக்டர், பிரிட்டனில் படித்தவர். போனில் பேசிய நர்ஸ் இரண்டே விஷயம் சொன்னார். "அம்மா சாப்பிடும் எல்லா மாத்திரையையும் கொண்டுவாங்க, லிஸ்ட் வேண்டாம், மாத்திரையே வேணும். வீட்டில் போடும் செருப்பைப் போட்டுக்கிட்டு வரச் சொல்லுங்க."

ஒரு வியாழக்கிழமை காலை ஆறரைக்குக் கிளம்பினோம். ஷார்ஜாவைத் தாண்டுவதற்குள்ளேயே ஒரு மணி நேரம் போனது, அது இங்கே வழக்கம்தான். ஷேக் ஸாயித் சாலையில் ஏறியதும் அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "இதெல்லாம் வெறும் மணலா இருந்துச்சு. உங்கப்பா நடுவழியில வண்டியை நிறுத்தி டீ குடிப்பார்" என்றாள். அந்த மாதத்தில் அவள் பேசிய மிக நீளமான பேச்சு அது.

டாக்டர் எழுந்து வந்து அம்மாவின் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். அம்மாவையே பார்த்து, "கேஃப் ஹாலிக்?" என்றார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது, ஏனென்றால் அம்மா உடனே "ஸேன், அல்ஹம்துலில்லாஹ்" என்றாள். இருபத்துநாலு வருடம் அபுதாபி பக்காலாவில் பழகிய அரபி. டாக்டர் சிரித்துவிட்டார். அம்மாவின் முகத்திலும் கொஞ்சம் அசைந்தது. அதன்பிறகு அம்மா பாதி அரபி, பாதி ஹிந்தி, மீதி தமிழில் என் வாய்வழியாக. ஒரு மணி நேரம்.

பரிசோதனை என்று பார்த்தால் பெரிய மெஷின் எதுவும் இல்லை. படுக்கவைத்து பிரஷர் பார்த்தார், 138. எழுந்து நிற்கவைத்து மறுபடி பார்த்தார், 112. இருபது புள்ளிக்கு மேல் இறங்கினால் எழும்போது கிறுகிறுக்கத்தான் செய்யும் என்றார். நாற்காலியிலிருந்து எழுந்து மூன்று மீட்டர் நடந்து திரும்பி வந்து உட்காரச் சொல்லி நேரம் குறித்தார். பன்னிரண்டு விநாடிக்கு மேல் போனால் விழும் அபாயம் உண்டாம். அம்மாவுக்கு இருபத்துமூன்று. ஒரு தாளில் கடிகாரம் வரைந்து பதினொன்றே பத்து காட்டச் சொன்னார். அம்மா எண்களைக் குட்டிக்குட்டியாக எழுதினாள், ஆனால் முள் சரியாக நின்றது. ராத்திரி எத்தனை தடவை பாத்ரூம் போறீங்க, லைட் இருக்கா, யாரோடு சாப்பிடுறீங்க, கடைசியா எப்ப விழுந்தீங்க. விழுந்ததே இல்லை என்று நான் சொல்ல வாயெடுத்தேன். "ஆடி மாசம், கொல்லைப்புறத்துல" என்றாள் அம்மா. எனக்குத் தெரியாது. "நீ பயப்படுவேன்னு சொல்லலை."

பிறகு பையைக் கவிழ்த்தார். மஞ்சப்பையிலிருந்து பதினொரு வகை மாத்திரை மேசையில் விழுந்தன. டாக்டர் பிராண்ட் பெயரைப் பார்க்கவில்லை. அட்டையின் பின்னால் பொடி எழுத்தில் இருக்கும் மருந்தின் பெயரைப் படித்து ஒவ்வொன்றாக எழுதினார். இரண்டு வேறு கம்பெனி அட்டைகளில் ஒரே பிரஷர் மருந்து. அம்மா இரண்டையும் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். ஒன்று கும்பகோணம் டாக்டர் எழுதியது, மற்றொன்று தஞ்சாவூரில் எழுதியது. ராத்திரி அரிப்புக்கு ஒரு பழைய காலத்து அலர்ஜி மாத்திரை. வயதானவர்களுக்குக் குழப்பமும் தடுமாற்றமும் தரும் என்று மார்க் பியர்ஸ் என்ற அமெரிக்க டாக்டர் 1991-லேயே போட்ட பட்டியலைச் சேர்ந்த வகை. பிறகு ஒரு சின்ன அட்டையை எடுத்து விரலால் தட்டினார். சின்னரிசின். கிறுகிறுப்பு மாத்திரை. "இது எவ்வளவு நாளா?" அம்மா யோசித்தாள். "கொரோனா சமயத்துல ஆரம்பிச்சது. நல்லாத்தான் இருந்துச்சு, அதான் கடையிலேயே வாங்கிக்கிட்டேன்."

டாக்டர் ஒரு தாளில் அம்புக்குறி போட்டுக் காட்டினார். சர்க்கரையால் பாத எரிச்சல், அதற்கு பிரிகாபலின். அதுவும் பிரஷர் மாத்திரை இரட்டிப்பும் சேர்ந்து கிறுகிறுப்பு. கிறுகிறுப்புக்கு சின்னரிசின். அதைச் சில நாள் கொடுப்பது வேறு, வயதானவர்களுக்கு வருடக்கணக்கில் கொடுத்தால் மூளையில் டோபமைன் வேலையைத் தடுத்து, பார்க்கின்சன் போலவே காட்டும். தேய்த்த நடை, அசையாத முகம், மெலிந்த குரல். இப்போது அதற்கும் ஒரு மாத்திரை. ஒரு மருந்தின் விளைவை இன்னொரு நோய் என்று நினைத்து அடுத்த மருந்து. இதற்கு மருத்துவத்தில் தனிப்பெயரே இருக்கிறதாம்.

நான் உடனே எல்லாவற்றையும் நிறுத்திவிடலாமா என்று கேட்டேன். அவர் தலையை ஆட்டினார். ஒவ்வொன்றாக, முறையாக. சிலதைத் திடீரென்று நிறுத்தினால் வேறு வினை. நரம்பு டாக்டரிடம் தானே பேசுகிறேன் என்றார், எங்கள் முன்னாலேயே போன் செய்தார், இருவரும் பேசி அந்தப் புது மாத்திரையைத் தள்ளிவைத்தார்கள். "சரியாகிவிடுமா?" என்றேன். "பல மாதம் ஆகும். பெரும்பாலும் குறையும். சிலருக்கு உள்ளே ஏற்கெனவே இருந்ததை மருந்து வெளியே காட்டியிருக்கும், அப்படியானால் முழுசாகப் போகாது. இப்போது சொல்ல முடியாது" என்றார். இதை அவர் அம்மாவைப் பார்த்துச் சொன்னார். நான் தமிழில் சொல்லச் சொல்ல அம்மா தலையாட்டினாள். "சரி, காத்திருக்கலாம்" என்றாள். 600 திர்ஹம். அந்த மாதத்தில் நான் கணக்குப் பார்க்காமல் கொடுத்த ஒரே தொகை.

பிரிகாபலின் பற்றி ஒரு விஷயம் சொல்லணும். அபுதாபிக்கு வருமுன் நானே ஒரு நாள் அம்மாவின் அட்டைகளைக் கூகுளில் தட்டிப் பார்த்துப் பதறிப்போனேன். அது அமீரகத்தில் கட்டுப்பாட்டு மருந்து. டிரமடால், குளோனஸெபாம் எல்லாமும் அப்படித்தான். ஊரில் எத்தனை பெரியவர்கள் கால் எரிச்சலுக்கும் தூக்கத்துக்கும் இவற்றைச் சாதாரணமாகச் சாப்பிடுகிறார்கள்! பெற்றோரை அழைத்து வருமுன் அரசு இணையதளத்தில் மருந்துச்சீட்டை ஏற்றி முன் அனுமதி வாங்கணும். எங்கள் வீட்டில் கசகசா கொண்டுவரக்கூடாது, வெற்றிலை கொண்டுவரக்கூடாது என்பது முப்பது வருடமாக மனப்பாடம். மாத்திரையைப் பற்றி ஒருவருக்கும் தெரியாது. அம்மாவை யாரும் நிறுத்திக் கேட்கவில்லை, அது அதிர்ஷ்டம். அடுத்த முறைக்கு அதை நம்ப மாட்டேன்.

இன்னொன்றும். அம்மாவை ரெசிடன்ட் விசாவில் எடுத்துவிடலாம் என்று அந்த வாரம் நானும் கணவரும் கணக்குப் போட்டோம். நாங்கள் விசாரித்தபோது மாதச் சம்பளம் 20,000 திர்ஹம், விசா ஒரு வருடத்துக்குத்தான், வருடா வருடம் புதுப்பிக்கணும், 72 வயதுக்கு இன்ஷூரன்ஸ் கேட்டால் ஏற்கெனவே உள்ள சர்க்கரைக்கும் பிரஷருக்கும் ஆறு மாதம் காத்திருப்பு என்றார்கள். என் கணவர் "பார்த்துக்கலாம், அத்தை இருக்கட்டும்" என்றார். அம்மா கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, "நான் போகணும்" என்றாள். "மார்கழி வருது." அதற்குமேல் அந்தப் பேச்சு நடக்கவில்லை. அவள் சொன்ன காரணம் மார்கழி. உண்மைக் காரணம் வேறாகவும் இருக்கலாம். பத்தொன்பதாவது மாடியில் பகல் முழுக்க ஒரு பூட்டிய வீட்டில் உட்கார்ந்திருப்பது என்னவென்று எனக்கும் தெரியும்.

டாக்டரைப் பார்த்துவிட்டு வெளியே வந்தபோது பகல் பன்னிரண்டு. "பழைய வீட்டைப் பார்க்கலாமா?" என்றாள் அம்மா. டூரிஸ்ட் கிளப் ஏரியா என்றுதான் நாங்கள் சொல்வோம், இப்போது போர்டில் அல் ஸாஹியா என்றிருக்கிறது. எலெக்ட்ரா ஸ்ட்ரீட்டில் இரண்டு முறை சுற்றினோம். எங்கள் பில்டிங் இருந்த இடத்தில் கண்ணாடிக் கட்டடம். கீழே இருந்த பக்காலாவும் இல்லை, அப்பா முடிவெட்டும் கேரளாக்காரர் கடையும் இல்லை. அம்மா எதுவும் சொல்லவில்லை. பார்க்கிங் கிடைக்காமல் கார்னிஷ் பக்கம் போனேன். அங்கே வால்கேனோ ஃபவுன்டன் என்று எரிமலை மாதிரி ஒரு நீரூற்று இருந்தது, ராத்திரியில் சிவப்பு விளக்கில் எரிவதுபோல் தெரியும். எங்கள் ஆல்பத்தில் எல்லாப் பிறந்தநாள் போட்டோவும் அதன் முன்னால்தான். 2004-ல் இடித்துவிட்டார்கள். பிள்ளைகளுக்குச் சொன்னால் நம்பமாட்டார்கள்.

கார்னிஷ் ஹாஸ்பிட்டலைத் தாண்டும்போது மட்டும் அம்மா கண்ணாடியைத் தட்டினாள். "உன்னைப் பெத்தப்போ ஒரு எகிப்து நர்ஸ் என்னைப் பிடிச்சு நடக்க வெச்சா. பெத்த மறுநாளே. எனக்குக் கோவமான கோவம். ஊர்ல நாப்பது நாள் படுக்க வெப்பாங்க, இங்க என்னடா இதுன்னு." பிறகு கடற்கரை நடைபாதையில் இறங்கி, என் கையைப் பிடித்துக்கொண்டு ஐம்பது அடி நடந்தாள். தேய்த்துத்தான் நடந்தாள். ஆனால் நடந்தாள்.

டிசம்பர் கடைசியில் கிளம்பினாள். பிரச்சினை அப்புறம்தான். மாத்திரைகளைக் குறைப்பதை யார் பார்ப்பது? அபுதாபி டாக்டர் இரண்டு பக்கத்துக்குக் கடிதம் எழுதிக் கொடுத்திருந்தார், எல்லாமே மருந்தின் பொதுப்பெயரில், எதை எப்போது குறைக்கணும் என்ற தேதியோடு. தம்பி சென்னையில் இருக்கிறான். கிண்டியில் கிங் ஆய்வக வளாகத்தில் தேசிய முதியோர் நல மருத்துவமனை 2024 பிப்ரவரி 25-ல் திறந்தது, 200 படுக்கை, அரசு மருத்துவமனை. ஜனவரியில் அம்மாவை அங்கே கூட்டிப்போனான். "அக்கா, இங்கேயும் முதல்ல பையைத்தான் கவுக்கச் சொன்னாங்க" என்று போன் செய்தான். கடிதத்தைப் படித்த டாக்டர் அதிலிருந்தே தொடர்ந்தாராம்.

நான்கு மாதம் ஆனபோது தம்பி ஒரு வீடியோ அனுப்பினான். இந்த முறை முகத்தைக் காட்டவில்லை, காலைக் காட்டச் சொல்லியிருந்தேன். மகாமகக் குளத்துப் படியில் அம்மா கைப்பிடி இல்லாமல் இரண்டு படி இறங்குகிறாள். மூன்றாவதில் தம்பி கையைப் பிடிக்கிறாள். குரல் திரும்பிவிட்டது, அது போனிலேயே தெரிகிறது, திட்டு வாங்குகிறேன். இடது கையில் ஒரு சின்ன நடுக்கம் மட்டும் இன்னும் போகவில்லை. அது போகுமா, தங்குமா என்பதற்கு டாக்டர்கள் இன்னும் நாள் கேட்கிறார்கள். மாத்திரை பதினொன்றிலிருந்து ஆறாகியிருக்கிறது.

உங்கள் ஊரில் முதியோர் மருத்துவர் கிடைக்காவிட்டாலும் ஒரு நல்ல குடும்ப மருத்துவரிடமோ பொது மருத்துவரிடமோ அந்த மஞ்சப்பையை அப்படியே கொண்டுபோய் ஒரு அரை மணி நேரம் கேளுங்கள். நிற்கவைத்து ஒருமுறை பிரஷர் பாருங்கள் என்று நீங்களே சொல்லலாம், தப்பில்லை. வீடியோ காலில் நடக்கச் சொல்லுங்கள். எங்கள் வீட்டில் என் மகன் கடிகாரம் வரையும் சோதனையை எல்லாருக்கும் வைக்கிறான். அவன் அப்பா பதினொன்றே பத்துக்கு முள்ளை மாற்றிப்போட்டு மாட்டிக்கொண்டார்.

போன வாரம் அம்மா பேசினாள். அந்த சூடான் டாக்டரம்மாவுக்கு ஏதாவது கொடுத்துவிடணுமாம். "நல்ல கொழுந்து வெத்தலையா ஒரு கவுளி..." என்று ஆரம்பித்தாள். அம்மா, வெற்றிலை ஆகாது என்றேன். "ஆமாமா, கசகசாவும் ஆகாது." கொஞ்ச நேரம் யோசித்தாள்.

"அப்ப அரைக்கிலோ காபிப்பொடி அரைச்சு வெக்கிறேன். சிக்கரி போடாம. அவங்க ஊர்ல காபி குடிப்பாங்கல்ல? கேட்டுச் சொல்லு."